தழும்பாகும் முடி உதிர்வு: மருந்து வேலை செய்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக மறுபடி சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். அம்மாவுக்கு வயது 56. உச்சந்தலையில் இரண்டு இடங்களில் முடி போய்த் தோல் வழவழப்பாகிவிட்டது. சுற்றிலும் அரிப்பு, எரிச்சல். பயாப்ஸியில் (தோல் துணுக்குப் பரிசோதனையில்) லைக்கன் பிளானோபைலாரிஸ் என்ற, முடி வேர்க்காலைத் தழும்பாக்கும் நோய் என்று வந்திருக்கிறது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையும் குளோபெட்டசால் லோஷனும் மூன்று மாதமாக எடுத்துக்கொள்கிறார். அந்த இரண்டு இடத்திலும் ஒரு முடிகூட முளைக்கவில்லை. மருந்தை மாற்ற வேண்டுமா, இல்லை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முடி வளர்க்கும் மினாக்ஸிடில் மட்டும் போடலாமா? எவ்வளவு நாள் மருந்து எடுக்க வேண்டும்?

நிறுத்த வேண்டாம். மூன்று மாதம் என்பது இந்த மாத்திரைக்குத் தொடக்கம்தான். அதோடு, முடி முளைத்ததா என்பதை வைத்து இந்த மருந்தை எடை போட்டால் நல்ல மருந்தும் தோற்றது போலத்தான் தெரியும். நான் தோல் மருத்துவர், பல வருடங்களாக முடி நோய்களைப் பார்த்து வருகிறேன். இந்த நோயில் மருந்தைப் பாதியில் விட்டவர்களில் பெரும்பாலானோர் விட்டதற்குச் சொன்ன காரணம் நீங்கள் சொன்ன இதே வாக்கியம்: "முடி வரவில்லை."

முடி ஏன் வராது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றது தானாகப் புரியும். ஒவ்வொரு முடியும் ஒரு வேர்க்காலிலிருந்து வருகிறது. அந்த வேர்க்காலின் அடியில் முடியை உற்பத்தி செய்யும் குமிழ் இருக்கிறது. ஆனால் பழைய முடி விழுந்தபின் புதிய முடியைத் தொடங்கிவைக்கும் ஸ்டெம் செல்கள் அடியில் இல்லை. அவை மேலே, எண்ணெய்ச் சுரப்பிக்குக் கொஞ்சம் கீழே, மயிர்க்கூச்செறியும்போது முடியைத் தூக்கும் அந்தச் சிறு தசை வந்து ஒட்டும் இடத்தில் ஒரு புடைப்புக்குள் இருக்கின்றன. புழுவெட்டில் உடலின் எதிர்ப்புச் செல்கள் அடியில் உள்ள குமிழைத்தான் தாக்குகின்றன. ஸ்டெம் செல்கள் தப்பித்துக்கொள்வதால் வருடங்கள் கழித்துக்கூட முடி திரும்ப வரும். லைக்கன் பிளானோபைலாரிஸிலும் அதன் உறவுக்கார நோய்களிலும் அழற்சி அந்தப் புடைப்பிலேயே உட்காருகிறது. முதலுக்கே மோசம். எண்ணெய்ச் சுரப்பி சீக்கிரமே அழிகிறது, ஸ்டெம் செல்கள் சாகின்றன, வேர்க்கால் இருந்த இடத்தில் நார்த்திசு வந்து மூடிவிடுகிறது. தழும்பு என்பது அதுதான். மேலே தோலில் காயமே இருக்காது, தழும்பு உள்ளே இருக்கும். மூடிய அந்த வேர்க்காலைத் திறக்கும் மருந்து இன்றைக்கு இல்லை.

ஆகவே மருந்து யாருக்காக என்றால், இன்னும் சாகாத வேர்க்கால்களுக்காக. அம்மாவின் தலையில் அந்த இரண்டு வழுக்கைத் திட்டுகளைப் பார்க்காதீர்கள், அவற்றின் ஓரத்தைப் பாருங்கள். நோய் நடக்கும் இடம் அந்த ஓரம்தான்.

தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பை வைத்து அந்த ஓரத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது. நோய் தீவிரமாக இருக்கும்போது முடி தோலிலிருந்து வெளிவரும் இடத்தில் வெள்ளைச் செதில் முடியைச் சுற்றிச் சிறு குழாய் போல ஏறி நிற்கும். அடியில் சிவப்பு, சிலருக்கு ஊதா கலந்த சிவப்பு. நல்ல தலைத்தோலில் ஒரு துளையிலிருந்து இரண்டு மூன்று முடிகள் வரும். இங்கே தனித்தனியாக, ஆள் விட்டுப் போன தெருவில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிவது போல ஒற்றை முடிகள் நிற்கும். இன்னும் உள்ளே, திட்டின் நடுவில், துளைகளே இல்லை. பால் வெள்ளையில் வழவழவென்று இருக்கும். மருந்து பிடித்ததும் முதலில் போவது எரிச்சலும் அரிப்பும். அப்புறம் சிவப்பு. அதற்கும் பிறகு அந்தச் செதில் குழாய். திட்டு மட்டும் அப்படியே இருக்கும்.

ஒரு பெண்மணி ஒரு வருட சிகிச்சைக்குப் பிறகு என் முன்னால் உட்கார்ந்து அழுதார். முதல் நாள் அளந்தபோது திட்டு 4 சென்டிமீட்டர், அன்றும் 4 சென்டிமீட்டர். "ஒரு வருஷம் வீணாப் போச்சே டாக்டர்" என்றார். எனக்கோ அன்று அவ்வளவு நிம்மதி. என்னிடம் முதன்முதலில் வருவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அந்தத் திட்டு இரண்டு மடங்காகியிருந்தது. அது நின்றுவிட்டது. அன்றிலிருந்து நான் முதல் சந்திப்பிலேயே, மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்பே, போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொல்லிவிடுகிறேன். கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஓரத்தில் சில வேர்க்கால்கள் அழற்சியால் அடங்கிக் கிடக்கும், செத்திருக்காது. அழற்சி தணிந்தால் அவற்றிலிருந்து கொஞ்சம் முடி வரலாம். தோலைத் தாக்கும் லூபஸ் வகையான டிஸ்காய்ட் லூபஸில் சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் இது நன்றாகவே நடக்கும்.

சரி, மருந்துகளுக்கு வருகிறேன். 2001-ல் வகுத்த முறைப்படி, தழும்பாகும் முடி உதிர்வு நோய்களைப் பயாப்ஸியில் எந்த வெள்ளையணு கூடியிருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கிறோம். லிம்போசைட் கூடியிருந்தால் ஒரு குடும்பம்: லைக்கன் பிளானோபைலாரிஸ், முன்நெற்றி முடியோரம் பின்வாங்கும் ஃபிரண்டல் ஃபைப்ரோசிங், டிஸ்காய்ட் லூபஸ், உச்சியின் நடுவில் தொடங்கி வட்டமாகப் பரவும் வகை. நியூட்ரோபில் கூடியிருந்தால் இன்னொரு குடும்பம்: ஃபாலிகுலைட்டிஸ் டிகால்வன்ஸ், டிசெக்டிங் செல்லுலைட்டிஸ். முதல் குடும்பத்துக்கு எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்துகள், இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கும் ஐசோட்ரெட்டினோயினும். இதனால்தான் பயாப்ஸி இல்லாமல் மருந்தைத் தொடங்குவது எனக்குப் பிடிக்காது. பயாப்ஸியும் வழுக்கைத் திட்டின் நடுவில் எடுக்கக்கூடாது. அங்கே தழும்பைத் தவிர ஒன்றும் கிடைக்காது. சிவப்பும் செதிலும் உள்ள ஓரத்தில், முடி இருக்கும் இடத்தில், 4 மில்லிமீட்டர் அளவில் எடுக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கொடுத்திருக்கும் குளோபெட்டசால் 0.05 சதவீத ஸ்டீராய்டு, பூசும் ஸ்டீராய்டுகளில் மிக வலுவான வகை. பலரும் இதைத் தவறான இடத்தில் பூசுகிறார்கள். முடி இல்லாத வழுவழுப்பில் பூசுவது சுலபம் என்பதால் அங்கேயே தேய்க்கிறார்கள். முடியை வகிடெடுத்து விலக்கி, அரிக்கும் ஓரத்தில், தோலில் படும்படி பூச வேண்டும். முடியில் பட்டது வீண். சில வாரம் தினமும், அப்புறம் மருத்துவர் சொல்கிறபடி வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்று குறைத்துக்கொண்டே வர வேண்டும். மாதக்கணக்கில் தினமும் போட்டால் தோல் மெலிந்து நரம்பு போல ரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும். நெற்றியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

லோஷன் போதாத இடத்தில் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. இதைக் கேட்டதும் பயப்படுகிறார்கள், ஆனால் எனக்கு அதிக நம்பிக்கை உள்ள சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை கரைசல், மெல்லிய ஊசி, ஒவ்வொரு குத்துக்கும் 0.1 மில்லிலிட்டர், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் திட்டின் ஓரத்தைச் சுற்றி. 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை. மருந்து வேர்க்கால் ஆழத்துக்கே நேராகப் போகிறது, உடம்பு முழுக்கப் பரவுவது குறைவு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோல் குழிவிழும், அதனால் நெற்றியோரத்தில் இன்னும் நீர்த்த கரைசலைப் பயன்படுத்துகிறோம்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மலேரியாவுக்கு வந்த மருந்து, பிறகு லூபஸுக்கும் மூட்டுவாதத்துக்கும் போய், இங்கே வந்தது. மெதுவான மருந்து. அதன் பலனைப் பார்க்க 3 முதல் 6 மாதம் ஆகும், முழுப் பலனுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். ஆரம்பத்தில் லோஷனோ ஊசியோ சேர்த்துக் கொடுப்பதே, மாத்திரை வேலைக்கு வரும்வரை நடுவில் உள்ள மாதங்களைக் கடத்தத்தான்.

அளவைத் தயவுசெய்து சரிபாருங்கள். நாளைக்கு 200 மில்லிகிராம் இரண்டு மாத்திரை என்று பழக்கமாக எழுதிவிடுகிறோம். ஆனால் கண் மருத்துவர்கள் சொல்லும் உச்ச அளவு, உண்மையான உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 80 கிலோ உள்ளவருக்கு 400 சரி. அம்மா 60 கிலோ என்றால் அது 300, அதாவது ஒருநாள் ஒன்று, மறுநாள் இரண்டு. 50 கிலோ என்றால் 250தான். இந்தக் கணக்கு ஏன் முக்கியமென்றால், மருந்து பல வருடம் சேர்ந்து விழித்திரையைப் பாதிக்கலாம், அந்தப் பாதிப்பு திரும்பாது. அளவுக்குள் இருந்தால் முதல் ஐந்து வருடத்தில் இந்த ஆபத்து 1 சதவீதத்துக்கும் கீழே, பத்து வருடம் வரை 2 சதவீதத்துக்கும் கீழே. 20 வருடத்துக்கு மேல் போனால் கிட்டத்தட்ட 20 சதவீதம். ஆகவே தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு முழுக் கண் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்ஸிஃபென் எடுப்பவர்களும் அதற்கு முன்பே வருடந்தோறும் பார்க்க வேண்டும். பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். பார்வையில் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

இதற்கு மாற்றாகவோ கூடவோ டாக்ஸிசைக்ளின் கொடுப்பது உண்டு. கிருமியே இல்லாத நோய்க்கு ஏன் ஆன்டிபயாட்டிக் என்று கேட்பார்கள். இங்கே அது கிருமியைக் கொல்வதற்காக இல்லை, அழற்சியைத் தணிக்கும் குணம் அதற்கு உண்டு, அதற்காக. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

ஆறு மாதம் ஆகியும் ஓரம் நகர்ந்துகொண்டே இருந்தால் அடுத்த படி. எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மெத்தோட்ரெக்ஸேட், மைகோபெனோலேட், சில நேரம் சைக்ளோஸ்போரின். நோய் வாரக்கணக்கில் ஓடும்போது இடைக்காலத்துக்குக் கொஞ்ச நாள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் ரத்தப் பரிசோதனைக் கணக்கு தனி, அதை உங்கள் மருத்துவர் பார்த்துக்கொள்வார். மெத்தோட்ரெக்ஸேட்டைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அது வாரத்தில் ஒரே ஒரு நாள் எடுக்கும் மருந்து. தவறி தினமும் எடுத்து உயிரே போனவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலும் மாத்திரைப் பெட்டியிலும் பெரிதாக எழுதிவையுங்கள். கூடக் கொடுக்கும் ஃபோலிக் அமிலத்தை விட்டுவிடாதீர்கள். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்கள் மெத்தோட்ரெக்ஸேட், மைகோபெனோலேட் இரண்டையும் கர்ப்பத் தடுப்பு இல்லாமல் தொடவே கூடாது.

பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மாத்திரையின் பெயரையும் நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2009-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இந்த நோயில் எண்ணெய்ச் சுரப்பிகளின் கொழுப்பு வேலையை நடத்தும் பீபார் காமா என்ற புரதம் குறைந்திருப்பதைக் காட்டியது. பயோகிளிட்டசோன் அதைத் தூண்டும் மருந்து. கேட்க அழகாக இருக்கிறது, சிலருக்கு 15 மில்லிகிராமில் பலனும் கிடைத்தது, எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கால் வீக்கம், எடை கூடுதல் வரும். இதயம் பலவீனமானவர்களுக்குக் கூடாது. நான் இதை முதலில் எடுக்கும் மருந்தாக வைப்பதில்லை.

டோஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப் போன்ற, எதிர்ப்புச் செல்களின் சமிக்ஞையைத் தடுக்கும் ஜாக் தடுப்பு மருந்துகளைப் பற்றி இப்போது நிறையக் கேட்கிறார்கள். 2022-ல் அமெரிக்காவில் பாரிசிட்டினிப்புக்கு ஒப்புதல் கிடைத்தது புழுவெட்டுக்கு. முன்பே சொன்னேனே, அங்கே ஸ்டெம் செல்கள் தப்பித்திருக்கின்றன. புழுவெட்டுக்காரரின் முன்னும் பின்னுமான படங்களைப் பார்த்து அம்மாவுக்கும் அப்படி வரும் என்று எண்ண வேண்டாம். தழும்பு நோயில் மற்றவை தோற்றபோது இவற்றால் அழற்சி அடங்கியவர்கள் இருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் தொற்று, ரத்தக்கட்டு, இதய ஆபத்து குறித்த எச்சரிக்கை இந்த மருந்துகளோடு வருகிறது. 56 வயதில் அதை யோசித்துத்தான் தொட வேண்டும்.

அம்மாவின் நெற்றியோரத்தையும் புருவத்தையும் ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஃபிரண்டல் ஃபைப்ரோசிங் என்ற வகை அதிகம். 1994-ல் கோசார்ட் என்ற மருத்துவர் முதன்முதலாக விவரித்தது. நெற்றி மெல்ல மெல்ல அகலமாகும், புருவம் உதிரும், பழைய முடியோரம் இருந்த இடத்தில் தோல் வெளிர்ந்து பளபளக்கும். இந்த வகையில் மட்டும் டூட்டாஸ்டிரைட், ஃபினாஸ்டிரைட் என்ற ஹார்மோன் சார்ந்த மருந்துகள் நன்றாக உதவுகின்றன. கர்ப்பமாகும் வாய்ப்புள்ளவர்களுக்கு இவை ஆகாது. டூட்டாஸ்டிரைட் உடம்பில் நீண்ட நாள் தங்குவதால் நிறுத்திய பிறகும் 6 மாதம் ரத்ததானம் செய்யக்கூடாது.

டிஸ்காய்ட் லூபஸ் உள்ளவர்கள் வெயிலை மறைப்பதும் புகையை விடுவதும் மருந்தோடு சேர்ந்த சிகிச்சை. புகைப்பவர்களிடம் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் குறைவாகவே வேலை செய்கிறது.

சீழ் வரும் குடும்பத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் சிலருக்கு அதுதான் இருக்கும். ஃபாலிகுலைட்டிஸ் டிகால்வன்ஸில் ஒரே துளையிலிருந்து பத்துப் பதினைந்து முடி, பொம்மைத் தலையில் நட்டது போலக் கொத்தாக வரும். அடியில் சீழ்ப்பொட்டும் பொருக்கும் இருக்கும். சீழை எடுத்துக் கல்ச்சர் செய்தால் பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இருக்கும். டாக்ஸிசைக்ளினில் அடங்காவிட்டால் கிளிண்டமைசின் 300 மில்லிகிராமும் ரிஃபாம்பிசின் 300 மில்லிகிராமும் நாளைக்கு இரண்டு வேளை, 10 வாரம் என்பது பழைய, பெயர் பெற்ற கூட்டு. ரிஃபாம்பிசின் காசநோய் மருந்து என்பதால் காசநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் தொடங்கக்கூடாது. சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும், அதற்குப் பயப்பட வேண்டாம். கர்ப்பத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும், அதற்குத்தான் கவனம் வேண்டும். தலையில் வலியுள்ள கட்டிகள் ஒன்றோடொன்று உள்ளே வழி போட்டுக்கொண்டு சீழ் வடியும் டிசெக்டிங் செல்லுலைட்டிஸில் ஐசோட்ரெட்டினோயின் மாதக்கணக்கில், அது போதாவிட்டால் அழற்சியைத் தணிக்கும் அடாலிமுமாப் ஊசி.

குழந்தையின் தலையில் இப்படிச் சீழோடு வீங்கிய திட்டு வந்தால் முதலில் பூஞ்சைக்குப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் கெரியான் என்ற பூஞ்சைத் தொற்று. வாய்வழிப் பூஞ்சை மருந்தை வாரக்கணக்கில் கொடுத்தால் ஆறும். சீழ் என்று நினைத்து வெட்டி, ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்து நாளைக் கடத்தினால், திரும்ப வரவேண்டிய முடி தழும்பில் போய்விடும்.

இனி மினாக்ஸிடில். அது முடியை வளர்க்கும் மருந்து, அழற்சியைத் தொடாது. இப்போது மற்றதை நிறுத்திவிட்டு அதை மட்டும் போடுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது. ஆனால் கூடச் சேர்க்கலாம். அம்மாவின் வயதில் பொதுவாகவே முடி மெலிந்துபோயிருக்கும், மிஞ்சிய முடி தடித்தால் திட்டு வெளியே அவ்வளவாகத் தெரியாது. எரிச்சல் அடங்கிய பிறகு தொடங்குங்கள். சில மினாக்ஸிடில் லோஷன்களே தோலை அரிக்க வைக்கும், அப்போது அரிப்பு நோயினாலா மருந்தினாலா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குறைந்த அளவு மாத்திரையாகவும் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள், ரத்த அழுத்தமும் இதயமும் பார்த்துக்கொண்டு.

எவ்வளவு நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரம் 6 முதல் 12 மாதம் வரை அசையாமல், அரிப்பும் இல்லாமல் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு மருந்தாகக் குறைக்கலாம். இரண்டையும் ஒன்றாக நிறுத்தினால் எது காத்தது என்று தெரியாமல் போகும். சிலருக்கு நோய் தானாக எரிந்து அடங்கிவிடும், சிலருக்கு வருடங்கள் கழித்துத் திரும்ப எழும். அதனால்தான் முடி மாற்று அறுவை சிகிச்சை கேட்பவர்களிடம், மருந்து இல்லாமல் ஒன்றிரண்டு வருடம் அமைதியாக இருந்த பிறகு பேசலாம் என்கிறோம். அழற்சி உள்ள தோலில் நட்ட முடியையும் அதே நோய் தின்றுவிடும். அதுவரை திட்டை மறைக்கத் தலைமுடிப் பொடியோ, துணுக்கு விக்கோ வைத்துக்கொள்வதில் தவறே இல்லை, இறுக்கி இழுக்காமல் இருந்தால் சரி.

அடுத்த முறை மருத்துவரிடம் போவதற்கு முன் அம்மாவை எடை பாருங்கள். இரண்டு திட்டுகளையும் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படமெடுங்கள், மாதத்துக்கு ஒன்று போதும். அரிப்பு, எரிச்சல், தொட்டால் வலி, மூன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று அம்மாவையே எண் போடச் சொல்லி எழுதிவையுங்கள். கண் பரிசோதனை ஆகவில்லை என்றால் அதற்கும் ஒரு நாள் குறித்துக்கொண்டு போங்கள். மூன்று மாதத்துக்கு முன்பு இருந்த அரிப்பு இப்போது பாதிதான் என்று அம்மா சொன்னால், மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது. அப்படியே இருக்கிறது, அல்லது திட்டின் ஓரம் நகர்ந்திருக்கிறது என்றால், ஊசியைச் சேர்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள்.